கட்டுமானத் திட்டம் வரும் பகுதிக்கு வேலையும் நிதியுதவியும்: மனை மேம்பாட்டு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பெரிய குடியிருப்போ வணிக வளாகமோ எழும்போது அதன் பலன் அங்கே வீடு வாங்குபவருக்கும் கடை எடுப்பவருக்கும் போய்ச் சேர்கிறது. தூசியும் இரைச்சலும் லாரிப் போக்குவரத்தும் ஏற்கெனவே அங்கே வாழ்பவர்களின் பங்காகின்றன, சில ஆண்டுகளில் வாடகை உயர்வும் அவற்றுடன் சேர்ந்துகொள்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவேனும் சரிசெய்ய நிறுவனத்தின் கையில் உள்ள முதன்மையான வழிகள் இரண்டு: அப்பகுதி மக்களுக்கு வேலை கொடுப்பது, அப்பகுதி அமைப்புகளுக்கு நிதியுதவி அளிப்பது. இரண்டையும் அறிவிப்பது எளிது. அறிவித்தபடி நடக்காமல் போவதும் அரிதன்று.

அப்படிப் போவதற்கு நேர்மைக்குறைவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கட்டுமானத் தளத்தில் ஆள் எடுப்பவர் பெரும்பாலும் மனை மேம்பாட்டு நிறுவனம் அல்லர், அதன் துணை ஒப்பந்ததாரர்; நிதியைச் செலவிடுவதும் நிறுவனம் அன்று, ஒரு சங்கமோ அறக்கட்டளையோ பள்ளியோதான். வாக்குக் கொடுப்பவர் ஒருவர், நிறைவேற்ற வேண்டியவர் வேறொருவர் என்னும் இந்த இடைவெளியை ஒப்பந்தத்தாலும் கணக்காலும் அடைப்பது எப்படி என்பதையே இவ்வழிகாட்டி விளக்குகிறது.

கடமை எது, உதவி எது

முதல் வேலை, சட்டப்படி செய்தே ஆக வேண்டியவற்றையும் நிறுவனம் தானாக முன்வந்து செய்பவற்றையும் தனித்தனிப் பட்டியலாக எழுதுவது. திட்டத்தால் கூடும் போக்குவரத்துக்காகச் சாலையை அகலப்படுத்துவதும், மழைநீர் வடிகாலை நீட்டுவதும், அனுமதியின் நிபந்தனையாகப் பூங்காவுக்கு இடம் ஒதுக்குவதும் உதவிகள் அல்ல. அவற்றை விழா மேடையில் நன்கொடையாகக் காட்டும் நிறுவனத்தை அப்பகுதி மக்கள் பின்னர் எதிலும் நம்புவதில்லை.

நாட்டுக்கு நாடு இந்தக் கோடு வெவ்வேறு இடத்தில் விழுகிறது. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி நிறுவனம் உள்ளாட்சியுடன் செய்துகொள்ளும் உடன்பாட்டை அனுமதிக்கான காரணமாகக் கொள்ள வேண்டுமானால் அது மூன்று சோதனைகளில் தேற வேண்டும்: திட்டம் ஏற்கத்தக்கதாக அமைய அது தேவைப்பட வேண்டும், திட்டத்தோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும், திட்டத்தின் அளவுக்கும் தன்மைக்கும் நியாயமாகப் பொருந்த வேண்டும். இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு ரூ. 500 கோடி, விற்றுமுதல் ரூ. 1,000 கோடி, நிகர லாபம் ரூ. 5 கோடி ஆகிய வரம்புகளில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அப்பணிகளில் தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும், வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் வேலை இக்கணக்கில் சேராது என்றும் அதே ஏற்பாடு வரையறுக்கிறது. உங்கள் நாட்டின் சட்டம் எதுவாயினும், அதன் கீழ்வரும் தொகையை ஒரு பத்தியிலும் அதற்கு மேல் நீங்கள் தரவிருப்பதை இன்னொரு பத்தியிலும் எழுதி வெளியிட்டுவிடுவது பின்னாளில் எழும் பாதி வாக்குவாதங்களைத் தவிர்க்கும்.

இங்கே இன்னொரு கோடும் உண்டு. பல அமைப்புகள் சேர்ந்து, வேலை, வீடு, பூங்கா ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகத் திட்டத்தை ஆதரிக்கும் வெளிப்படையான உடன்பாடு ஒரு வகை. எதிர்ப்புக் குரல் எழுப்பும் ஒருவருக்கோ அவருடைய சங்கத்துக்கோ தனியாகப் பணம் கொடுத்து அமைதியாக்குவது முற்றிலும் வேறு வகை. பின்னது சட்டத்தில் சிக்காவிட்டாலும் செய்யக் கூடாதது. அடுத்த தெருவில் இன்னொருவர் எதிர்ப்பைத் தொடங்க அதுவே காரணமாகவும் ஆகும்.

யாரிடம், எப்போது கேட்பது

வரைபட அனுமதி கிடைத்த பிறகு கூட்டப்படும் கருத்துக்கேட்புக் கூட்டம் பெரும்பாலும் காலம் கடந்தது, ஏனெனில் அதற்குள் செலவுத் திட்டம் முடிந்திருக்கும். நிலம் வாங்கும் பேச்சு உறுதியாகும் கட்டத்திலேயே தொடங்குங்கள். சொந்த வீட்டுக்காரர்களின் சங்கம் தானாகவே உங்களைத் தேடி வரும். வாடகைக்கு இருப்பவர்கள், தெருவோர வியாபாரிகள், கூலி வேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோரை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும், அதுவும் அவர்கள் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில்.

“உங்களுக்கு என்ன வேண்டும்?” என்ற கேள்விக்குச் சமுதாயக் கூடம் என்ற விடையே மீண்டும் மீண்டும் வரும். அதைவிடப் பயனுள்ள கேள்விகள் உள்ளன. இங்கே யாருக்கு என்ன கைத்தொழில் தெரியும்? வேலை தேடுபவர்கள் முந்தைய வேலையை விட்டதற்குக் காரணம் என்ன: கூலி தாமதமா, தொலைவா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமையா? ஏற்கெனவே நன்றாக நடந்துவரும் எந்தப் பணி பணமில்லாமல் திணறுகிறது? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளிலிருந்தே வேலைத் திட்டமும் நிதித் திட்டமும் உருவாக வேண்டும்.

வேலை: ஒப்பந்தத்துக்குள் இறங்க வேண்டிய வாக்குறுதி

முதலில் ஒரு தொழிலாளர் கால அட்டவணை தயாரியுங்கள். எந்த மாதத்தில் எந்தத் தொழிலுக்கு எத்தனை மணி நேர உழைப்பு தேவைப்படும் என்பதே அந்த அட்டவணை. அடித்தளம் தோண்டும் கட்டத்தில் இயந்திரங்கள் அதிகம், ஆட்கள் குறைவு. தூணும் தளமும் எழும் கட்டத்தில் கம்பி கட்டுபவர்களும் சென்ட்ரிங் பலகை அடிப்பவர்களும் கொத்தனார்களும் பெருமளவில் வேண்டும். அதற்குப் பின் வரும் முடிப்பு வேலைகளில்தான் தொழில்களின் வகை மிகுதியாகும்: மின்கம்பி இழுத்தல், குழாய் பொருத்துதல், தரை ஓடு பதித்தல், வண்ணம் பூசுதல், தச்சு, கண்ணாடி, மின்தூக்கி நிறுவுதல். புதிதாகப் பயிற்சி பெறும் உள்ளூர் இளைஞர்களுக்கு மிக ஏற்ற இடம் இந்தக் கட்டமே. அதற்குத் தயாராக வேண்டுமானால் அடித்தளம் தோண்டும்போதே பயிற்சி வகுப்பு தொடங்கியிருக்க வேண்டும். அட்டவணையைப் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்கும் நிறுவனம், வேலை முடிந்த தொழிலுக்கு ஆட்களைப் பழக்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது மிக முக்கியமானது. உள்ளூர் ஆட்களை எடுக்கும் நிபந்தனை டெண்டர் ஆவணத்திலேயே இடம்பெற வேண்டும். விலை பேசி முடித்து ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, “முடிந்த அளவு உள்ளூர்க்காரர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒப்பந்ததாரரிடம் சொல்வதால் ஒன்றும் நடக்காது. அவருக்கென்று ஏற்கெனவே ஒரு மேஸ்திரியும் அந்த மேஸ்திரிக்கென்று ஒரு குழுவும் இருக்கும், புதியவரைப் பழக்கும் செலவு அவர் கொடுத்த விலையில் இருக்காது. ஆகவே பயிற்சியாளர்களை மேற்பார்க்கும் செலவைத் தனி வரியாகவே டெண்டரில் கேளுங்கள். அந்த வரிக்குப் போட்டியில் தள்ளுபடி இல்லை என்று அறிவியுங்கள். மாதாந்தர பில்லுடன் உள்ளூர்த் தொழிலாளர் வருகைக் கணக்கும் இணைந்து வந்தால்தான் பில் ஏற்கப்படும் என்று எழுதுங்கள். துணை ஒப்பந்ததாரர் தம் வேலையை இன்னொருவருக்கு உள்குத்தகைக்கு விட்டால் அதே நிபந்தனை அவரையும் கட்டுப்படுத்தும் என்று சேர்க்க மறக்க வேண்டாம்; வாக்குறுதிகள் பெரும்பாலும் காணாமல் போவது அந்த மூன்றாம் படியில்தான்.

எதை எண்ணுவது என்பதும் சிறிய கேள்வி அன்று. அமெரிக்காவில் அரசின் வீட்டுவசதி நிதி பெறும் திட்டங்கள் குறைந்த வருமானமுள்ள உள்ளூர் மக்களுக்கு வேலை தர வேண்டும் என்ற ஏற்பாடு 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதி, நகர மேம்பாட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலிருந்து வருகிறது. புதிதாக எடுக்கும் ஆட்களில் 30 விழுக்காடு என்பதே அதன் அளவுகோலாக நெடுங்காலம் இருந்தது. 2020இல் வந்த விதி, ஆட்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு உழைப்பு மணிகளை எண்ணத் தொடங்கியது. மொத்த உழைப்பு மணிகளில் 25 விழுக்காடு இத்தகைய தொழிலாளர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது இப்போதைய அளவுகோல். மாற்றத்தின் காரணம் எளிதில் புரியக்கூடியது. தலைகளை எண்ணினால், பத்துப் பேரை எடுத்து இரண்டு வாரத்தில் அனுப்பிவிட்டாலும் பத்து என்றே கணக்கு வரும். மணிகளை எண்ணினால் அவர்களை வைத்திருந்தால்தான் கணக்கு ஏறும். அரசு நிதி பெறாத திட்டங்களும் இந்த முறையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

“உள்ளூர்க்காரர்” என்பவர் யார் என்பதை முன்பே வரையறுக்க வேண்டும். அஞ்சல் எண்ணாலோ வார்டாலோ எல்லை வகுத்து, குறிப்பிட்ட ஒரு நாளுக்கு முன்பிருந்தே அங்கே வசிப்பவர் என்று எழுதுவது வழக்கம். அந்த நாளைக் குறிப்பிடாவிட்டால், வேலைக்காக முகவரி மாற்றுபவர்கள் வருவார்கள். ஆனால் சொத்துப் பத்திரமோ மின் கட்டண ரசீதோ மட்டுமே சான்று என்று வைத்தால், வேலை யாருக்கு மிகவும் தேவையோ அந்த வாடகைதாரர்களே வெளியே நிற்பார்கள். பள்ளிச் சான்றிதழையும் அப்பகுதி அமைப்பொன்றின் உறுதிக் கடிதத்தையும் ஏற்பது நல்லது.

காலியிடத்தை முதலில் அப்பகுதிக்கு அறிவித்து, குறித்த சில நாட்கள் வரை அவர்களுக்கு மட்டும் வாய்ப்பளித்து, அதன் பிறகே வெளியே ஆள் தேடும் முறை பல இடங்களில் பயன்பட்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தின் விளையாட்டு, பொழுதுபோக்கு வளாக விரிவாக்கத்துக்காக 2001இல் கையெழுத்தான சமூக நலன் உடன்பாடு இதில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதில் இத்தகைய முன்னுரிமை ஏற்பாட்டைத் தொடங்க 1,00,000 டாலர் தொடக்க நிதியும், பூங்காக்களுக்கு 10 லட்சம் டாலரும், நிரந்தர வேலைகளில் 70 விழுக்காட்டுக்கு வாழ்க்கைக்குப் போதுமான ஊதியமும், கட்டப்படும் வீடுகளில் 20 விழுக்காடு குறைந்த வருமானத்தினருக்கு ஒதுக்கீடும் இடம்பெற்றன. குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, வேலை என்றதும் கட்டும் காலத்து வேலையோடு அது நின்றுவிடவில்லை என்பதுதான். கட்டடம் எழுந்த பிறகு அதற்குள் நடக்கும் உணவகம், விடுதி, பராமரிப்பு, பாதுகாப்பு ஆகிய நிரந்தர வேலைகளையும், அவற்றை நடத்தப்போகும் குத்தகைதாரர்களையும் அது கணக்கில் எடுத்தது. கட்டுமானம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும்; பராமரிப்பு வேலை அந்தக் கட்டடம் உள்ளவரை இருக்கும்.

பயிற்சியைப் பற்றி ஒரு கண்டிப்பான விதி தேவை: உறுதியான வேலையிடம் எத்தனையோ அத்தனை பேருக்கே பயிற்சி. நியூயார்க் புரூக்ளினில் 2005இல் கையெழுத்தான ஒரு சமூக உடன்பாட்டின் கீழ் நடந்த முன்பயிற்சியில் சேர்ந்தவர்களில் சிலர், தொழிற்சங்க உறுப்புரிமையும் வேலையும் கிடைக்கும் என்று சொல்லப்பட்டு ஏமாந்தோம் என 2011இல் வழக்குத் தொடுத்தனர். சான்றிதழ் மட்டும் கையில் இருந்து வேலை கிடைக்காதவர், பயிற்சியே பெறாதவரைவிட அதிகமாக மனம் கசந்துபோவார். இடம் பெற்றவருக்கோ பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை, காலணி, தலைக்கவசம், கைக்கருவிகள், போக்குவரத்துச் செலவு ஆகியவை வேண்டும். இவை இல்லாமல் பலர் முதல் சில வாரங்களிலேயே விலகிவிடுவார்கள். தளத்திலோ அருகிலோ குழந்தைகள் காப்பகம் இல்லையென்றால் பெண்கள் வரமாட்டார்கள் என்பதையும் செலவுத் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை வாங்கித் தருவதாக யாரேனும் தரகுப் பணம் கேட்டால் அதைத் தெரிவிக்க ஒரு தொலைபேசி எண் தளத்தின் வாயிலில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உள்ளூர் வேலை என்று பேசும்போது, வெளியூரிலிருந்து வந்து ஏற்கெனவே தளத்தில் உழைப்பவர்களை எதிரிகளாக்கிவிடும் ஆபத்து உண்டு. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதில் நிறுவனம் உறுதியாக இருந்தால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். அவர்களுக்கு உரிய சட்டப் பயன்களைப் பெற்றுத் தருவதும் இதே பணியின் பகுதிதான். எடுத்துக்காட்டாக, இந்தியாவில் 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தில் இருந்து, 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடரும் விதிப்படி, முந்தைய 12 மாதங்களில் 90 நாட்கள் கட்டுமான வேலை செய்த, 18 முதல் 60 வயதுக்கு உட்பட்டவர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம்; கட்டுமானச் செலவில் 1 விழுக்காடாக நிறுவனம் கட்டும் நலவரியே அந்த வாரியத்தின் நிதி. வரியைக் கட்டிவிட்டு, பதிவுக்குத் தேவையான வேலைச் சான்றிதழைத் தராமல் விடுவது விந்தையான சிக்கனம். ஒரு எழுத்தரைச் சில நாட்கள் அமர்த்தினால் முடிந்துவிடும் வேலை அது.

உள்ளூர்ச் சிறு தொழில்முனைவோருக்கு வேலை தர விரும்பினால் ஒப்பந்தங்களைச் சிறு பகுதிகளாகப் பிரியுங்கள், முன்பணம் கொடுங்கள், பில்லை விரைவாகத் தீருங்கள். தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தரும் நிறுவனத்திடம் சிறிய ஒப்பந்ததாரர் எவராலும் நிலைத்து நிற்க முடியாது.

நிதியுதவி: சிறியதாக, எளிதாக, தொடர்ந்து

நிதியைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள்; அதற்குரிய தவணைகளைத் திட்டத்தின் கட்டங்களோடு இணையுங்கள். அனுமதி கிடைத்ததும் ஒரு பகுதி, முதல் தளம் எழுந்ததும் ஒரு பகுதி, முதல் வீடுகள் கைமாறும்போது ஒரு பகுதி என்று எழுதிவிட்டால் பணம் தானாக வந்துவிடும். எல்லாவற்றையும் திட்ட முடிவுக்குத் தள்ளினால், பணத்தட்டுப்பாடு மிகுந்த அந்தக் காலத்தில் முதலில் வெட்டப்படுவது இந்தத் தொகையாகத்தான் இருக்கும். நிலத்தை இடையில் வேறொருவருக்கு விற்றால் என்ன ஆகும் என்பதையும் எழுத வேண்டும். இங்கிலாந்தின் 106ஆம் பிரிவு உடன்பாடு நிலத்தோடு சேர்ந்தே செல்வதால் அடுத்து வாங்குபவரையும் அது கட்டுப்படுத்துகிறது. சட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில் விற்பனைப் பத்திரத்திலேயே அந்தப் பொறுப்பை ஏற்றிவிட வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது என்ற முடிவை நிறுவனம் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. இங்கிலாந்தில் புதிய கட்டடங்களிடமிருந்து வசூலிக்கப்படும் சமுதாய உட்கட்டமைப்புத் தீர்வையில் 15 விழுக்காடு அப்பகுதியின் கீழ்நிலை உள்ளாட்சிக்கே செல்கிறது, அங்கே மக்கள் ஏற்ற பகுதித் திட்டம் நடைமுறையில் இருந்தால் 25 விழுக்காடு. பணம் எங்கே எழுகிறதோ அங்கிருப்பவர்களே அதன் பயனை முடிவு செய்ய வேண்டும் என்னும் கருத்தைத் தனியார் நிதியிலும் பின்பற்றலாம். அப்பகுதி மக்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு சிறு குழு அமையட்டும். நிறுவனத்துக்கு ஒரு இடம் போதும். குழு உறுப்பினர் தம்முடைய அல்லது தம் உறவினருடைய அமைப்பின் விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே செல்ல வேண்டும் என்ற விதியை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

விண்ணப்பம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம், மக்கள் பேசும் மொழியில் இருக்கட்டும். சிறிய தொகைக்குப் பெரிய தணிக்கை கேட்பது வழக்கமான தவறு. பெற்ற பணத்தைவிடக் கணக்கு எழுதும் செலவு அதிகமாகிவிட்டால் சிறிய அமைப்புகள் அடுத்த முறை வாசலையே மிதிக்காது. ரசீதுகளும் ஒரு பக்க அறிக்கையும் ஒரு நேரடிப் பார்வையும் சிறு தொகைகளுக்குப் போதும். பதிவு செய்யப்படாத மகளிர் குழுவோ இளைஞர் குழுவோ விண்ணப்பித்தால், பதிவு பெற்ற வேறோர் அமைப்பின் வழியாகப் பணம் தரும் ஏற்பாட்டை அனுமதியுங்கள்.

கட்டடமாகத் தருவதில் நிறுவனங்களுக்கு இயல்பான ஆசை உண்டு, ஏனெனில் அது அவர்களுக்குத் தெரிந்த தொழில், கல்வெட்டில் பெயரும் பொறிக்கலாம். ஆனால் மாலைநேர வகுப்பு நடத்தும் ஒரு அமைப்புக்குப் புதிய அறையைவிட ஆசிரியரின் மூன்றாண்டுச் சம்பளம் பெரிய உதவியாக இருக்கக்கூடும். அப்படியும் கட்டடந்தான் தருவதென்றால், மின் கட்டணம், துப்புரவு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு, எந்த நிதியிலிருந்து என்பது முடிவாகும் வரை அடிக்கல் நாட்ட வேண்டாம்.

கணக்கும் கண்காணிப்பும்

மேலே சொன்ன புரூக்ளின் உடன்பாட்டில் தனித்த கண்காணிப்பாளர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்ற விதி இருந்தது. அவர் அமர்த்தப்படவே இல்லை என்பதும், கையெழுத்திட்ட அமைப்புகளில் சில திட்ட நிறுவனத்திடமிருந்தே நிதி பெற்றன என்பதும் அதன்மீதான முக்கிய விமர்சனங்கள். இதனால் கிடைக்கும் பாடம், விதி எழுதினால் போதாது, கண்காணிப்பாளரின் ஊதியத்தைத் தொடக்கத்திலேயே மூன்றாம் தரப்பிடம் செலுத்திவிட வேண்டும் என்பதுதான். அவர் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் நேரில் பார்க்க உரிமை பெற்றவராக இருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மொத்த உழைப்பு மணி, அதில் உள்ளூர்த் தொழிலாளரின் மணி, பயிற்சி பெற்று இன்னும் வேலையில் இருப்போர், கொடுத்த நிதி, பெற்ற அமைப்புகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதித் தளத்தின் வாயிலில் ஒட்டுங்கள். இலக்கு எட்டப்படாத காலாண்டிலும் அதே தாள் ஒட்டப்பட வேண்டும். சொல்லப்போனால் அந்தக் காலாண்டின் தாளைப் பார்த்துத்தான் மக்கள் உங்களை எடைபோடுவார்கள்.

இலக்கு தவறினால் என்ன என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். உள்ளூர் மணிகளில் எத்தனை குறைகிறதோ அத்தனைக்கும் ஒரு மணிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, அத்தொகை ஒப்பந்ததாரரின் பில்லிலிருந்து பிடிக்கப்பட்டுப் பயிற்சி நிதியில் சேரும் என்பது செயல்படுத்த எளிய ஏற்பாடு. தேவையான தொழிலறிவுள்ள ஆள் உண்மையிலேயே கிடைக்கவில்லை என்று ஒப்பந்ததாரர் எழுத்தில் நிறுவினால் விலக்கு அளிக்கலாம், ஆனால் அந்த விலக்கை அளிப்பவர் கண்காணிப்பாளராக இருக்க வேண்டும், தளப் பொறியாளராக அன்று. தளப் பொறியாளருக்கு வேலை குறித்த நாளில் முடிய வேண்டும் என்ற நெருக்கடி எப்போதும் இருக்கும். அவரிடம் இந்த முடிவை ஒப்படைப்பது அவருக்கும் நியாயமன்று.

கட்டடத்தைக் குடியிருப்போர் சங்கத்திடமோ பராமரிப்பு நிறுவனத்திடமோ ஒப்படைக்கும் ஆவணத்தில், உள்ளூர் ஆட்களுக்கான முன்னுரிமையும், அவர்களுடைய பெயர்ப் பட்டியலும், தொடரும் நிதியுதவிகளின் மீதித் தவணைகளும் இணைப்பாகச் சேர வேண்டும். தளத்தில் பயிற்சி பெற்ற எலக்ட்ரீசியனுக்கும் பிளம்பருக்கும் அந்தக் கட்டடத்தின் குழாயும் கம்பியும் எங்கே ஓடுகின்றன என்பது மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும் என்பதால், அவர்களைத் தொடர்ந்து வைத்திருக்கும்படி பராமரிப்பு நிறுவனத்தை இணங்கவைப்பது பொதுவாகக் கடினமாக இராது. அந்தப் பேச்சை ஒப்படைப்புக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடுங்கள்.